எட்டு லிஃப்ட்டுகளும் ஒரு நேர்கோடும்

காலை ஒன்பதரை மணிக்கு முதலாளி தன் அறையை விட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரே ஒரு தாள். அதைப் பிடித்திருந்த விதத்திலேயே விஷயம் பெரிது என்று பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே கீழே வைத்தாள்.

பெரியக்கா என்பது அவள் பெயரில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் பதினைந்து வருடமாகப் பதிவு வேலை பார்க்கிறாள். அவளைவிடப் பத்து வயது மூத்த மெக்கானிக்கும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளிகூடச் சில நாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிவார். அன்று அவர் எதுவும் கூப்பிடவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம் அது. 4471 என்ற லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுதியாகச் செய்து அனுப்பிய பிரேக் ஸ்பிரிங்குகளில் விரிசல் விழுகிறதாம். எந்தெந்த லிஃப்ட்டில் அவை இருக்கின்றனவோ அவற்றை உடனே நிறுத்த வேண்டுமாம். 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

தலைமை மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்பார்கள். இருபது தடவை கை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத மனிதர். அவர் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தோளில் இருந்த கருவிப் பையை இறக்கி வைத்தார். 

"அவ்வளவு மோசமா?" என்றார் முதலாளி.

"லிஃப்ட்டு போய் ஒரு மாடியில நிக்குது பாருங்க, அதை அங்கேயே இறுக்கிப் பிடிச்சுக்கறது அந்த ஸ்பிரிங்தான். அது விட்டுப் போச்சுன்னா பிரேக் இருந்தும் இல்லாத கதைதான். ஆள் ஏற ஏற நழுவும். சும்மா இருந்தா பத்து வருஷம் இருக்கும், போகணும்னா இன்னிக்குச் சாயங்காலமே போகும்."

"எங்கெங்க மாட்டினோம்?"

"நாலஞ்சு வருஷம் ஆச்சு. தினமும் நாலு இடம் ஏறி இறங்கறோம். எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவர்கள் கவனிப்பில் நானூறு லிஃப்ட்டுகளுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா என்று முதலாளி யோசித்தார். அதில் மூன்று மருத்துவமனைகள். ஸ்ட்ரெச்சரை எட்டு மாடி எப்படித் தூக்குவது? புது மென்பொருளில் தேடலாம் என்றால், அது வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய பதிவுகளை அதில் ஏற்றவே இல்லை. மென்பொருள் விற்றவர்களிடம் பேசினார். பழைய பதிவுகளை ஏற்றித் தேடித் தரப் பத்து நாள் ஆகும் என்று தேன் போன்ற குரலில் ஒரு பெண் சொன்னாள். "பத்து நாள்ல நான் ஜெயில்ல இருப்பேன்மா" என்று சொல்லி முதலாளி ஃபோனை வைத்தார். ஜெயிலைவிடப் பெரிய பயம் அவர் கண்ணில் இருந்தது. நல்ல மனிதர்.

எல்லோரும் மூலையில் இருந்த பழைய கணினியைப் பார்த்தார்கள்.

லேபிள் அடிக்கும் பிரிண்டர் அதோடு மட்டும்தான் பேசும் என்பதால் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஆறு வருடம் பெரியக்கா அதில்தான் அடித்தாள். சாயங்காலம் மெக்கானிக்குகள் எண்ணெய்க்கறை படிந்த துண்டுச் சீட்டுகளோடு வருவார்கள். தேதி, கட்டடம், எத்தனையாவது லிஃப்ட், என்ன பாகம், லாட் எண், மாட்டியவர் யார் என்று ஒரு வேலைக்கு ஒரு வரி, நடுவில் காற்புள்ளி போட்டு. மாதத்துக்கு ஒரு ஃபைல். எழுபத்திரண்டு ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் எழுநூறு எண்ணூறு வரி.

அதை அமைத்துக் கொடுத்தவள் பெரியக்காவின் நாத்தனார். வேறொரு ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிகளை எல்லாம் கட்டி மேய்க்கிறவள். எட்டு வருடம் முன்னால் விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் அண்ணியின் அலுவலகத்துக்கு வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து, காசு வாங்காமல் செய்து கொடுத்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாடமும் எடுத்தாள்.

"ஒவ்வொரு வரியும் தன் கால்ல நிக்கணும் அண்ணி. அதை மட்டும் தனியா உருவி எடுத்தாலும் முழு விஷயமும் அதுல இருக்கணும்."

பெரியக்கா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். நாத்தனாரின் பஸ் கிளம்பியதும் கணவனிடம், "உங்க தங்கச்சி எனக்கு வரி போடக் கத்துக் கொடுக்கறா. நான் அவ ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே டைப் அடிச்சவ" என்று முறைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் சண்டை போட்டதும் இல்லை, கூடிக் குலவியதும் இல்லை. நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்வார்கள். புது மென்பொருள் வந்த அன்று, நாத்தனாரின் காதுக்குப் போக வேண்டும் என்றே, "இதுதான்யா கம்ப்யூட்டர்" என்று ஃபோனில் நாலு பேரிடம் சொன்னவள் பெரியக்கா.

இப்போது அதே ஃபோனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். வேறு போக்கிடம் இல்லை.

"அண்ணி? என்னாச்சு? அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"உங்க அண்ணன் கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான் தலை போற வேலை." பெரியக்கா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"அந்த ஃபைல் எல்லாம் இருக்கா?"

"நீ வச்சுட்டுப் போனது போட்டது போட்டபடி இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்ப பத்து நாள் வேண்டாம் அண்ணி. பத்து நிமிஷம் போதும். ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு மிஷின் முன்னாடி உட்காருங்க."

முதலாளியும் கிரீஸும் பெரியக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். நாத்தனார் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொன்னாள். முதல் கட்டளை கேட், c-a-t. எல்லா ஃபைலையும் எடுத்து, ஒன்றன் பின் ஒன்றாக நீட்டும். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

"இப்ப எண்டர் கீக்கு மேல பாருங்க. நேரா நிக்கற ஒரு கோடு இருக்கும்."

"நடுவுல உடைஞ்ச மாதிரி?"

"அதேதான். அதுக்குப் பேர் பைப். அதைப் போடுங்க."

ஆறு வருடத்தில் பெரியக்கா அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. மற்ற பொத்தான்களெல்லாம் எழுத்து தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தன. இது மட்டும் நேற்றுக் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. தூசி ஏறி இறுகிப்போய், மூன்றாவது அழுத்தலில்தான் கோடு திரையில் வந்தது.

"இந்தக் கோடு என்ன பண்ணும்?" என்றார் கிரீஸ், ஃபோனைப் பார்த்துக் குனிந்து.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற கட்டளை என்ன சொல்லுதோ, அதைத் திரையில போடாம அந்தப் பக்கம் இருக்கற கட்டளை கையில கொடுத்துடும். அது தன் வேலையை முடிச்சு அடுத்ததுக்குக் கொடுக்கும். எல்லாமே சின்னச் சின்ன ஆளுங்க. ஒருத்தருக்கு ஒரு வேலைக்கு மேல தெரியாது."

"மேல மாடிக்குச் செங்கல் கைமாத்தறோமே, அந்த மாதிரி" என்றார் கிரீஸ். நாத்தனாருக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப் போனது. நாளைக்கு வகுப்பில் இதையே சொல்லப் போவதாகச் சொன்னாள். கிரீஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்தது கிரெப். 4471 என்ற எண் இருக்கும் வரியை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே திருப்பி அனுப்பும். பிறகு ஒரு கோடு. அடுத்தது கட். நீள வரியிலிருந்து கட்டடம், லிஃப்ட் எண் என்ற இரண்டை மட்டும் நறுக்கி எடுக்கும். பிறகு ஒரு கோடு. ஒரே லிஃப்ட்டைப் பரிசோதிக்கப் போன நாட்களிலும் அதே எண்ணோடு வரி எழுதியிருப்பதால், இரட்டிப்பாக வருவதைக் கழிக்க யூனிக்.

எண்டரைத் தட்டினாள். ஓடியது. ஆனால் ஒரே துணிக்கடை நாலு இடத்தில் வந்தது.

"கழிக்கலையே" என்றாள் பெரியக்கா. அவள் குரலில் துளி சந்தோஷம் இருந்ததோ என்னவோ.

"என் தப்பு அண்ணி, அவசரத்துல விட்டுட்டேன். யூனிக் பக்கத்துல நிக்கறவரை மட்டும்தான் திரும்பிப் பார்க்கும். நாலு பேர் தள்ளி அதே ஆள் நின்னா அதுக்குத் தெரியாது. அதனால முன்னாடி சார்ட் போட்டு எல்லாரையும் வரிசைப்படி நிறுத்தணும்."

கடைசியில் திரையில் இருந்தது இவ்வளவுதான்:

cat *.txt | grep 4471 | cut -d, -f2,3 | sort | uniq

பெரியக்கா எண்டரைத் தட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. எழுபத்திரண்டு மாதங்கள். கண் மூடித் திறக்கிற நேரம். எண்ணுகிற கட்டளை ஒன்றையும் வாலில் சேர்க்கச் சொன்னாள் நாத்தனார். 23 என்று வந்தது.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, நீ யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்பே" என்று ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டார். அதன் பிறகு அலுவலகம் ஆலையாக மாறியது. ஆளுக்கு ஒரு ஃபோன், ஆளுக்கு ஒரு பைக். பன்னிரண்டு மணிக்குள் இருபத்து மூன்று லிஃப்ட்டுகளும் நின்றுவிட்டன. முதல் நாலைந்து இடங்களில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 4471-தான், பட்டியல் அச்சு அசலாகச் சரி என்று கிரீஸ் ஃபோனில் சொன்னார்.

பன்னிரண்டரைக்குப் பெரியக்கா டப்பாவைத் திறந்துகொண்டு பட்டியலை முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் போட்டாள். பதினேழாவது வரியில் பேனா நின்றது.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பட்டியலில் அதன் முதல் லிஃப்ட் மட்டும் இருந்தது. அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இரண்டுக்கும் ஒரே காலையில் ஸ்பிரிங் மாற்றினார்கள். மாற்றிய மெக்கானிக்குக்கு அன்று பெண் பிறந்தாள், சீட்டைக் கொடுத்துவிட்டு ஓடியே போனான், அதனால் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சீட்டில் முதல் வரியில் லாட் எண் இருந்தது. இரண்டாவது வரியில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு சின்னக் கீறல். மேலே உள்ளதேதான் என்று அர்த்தம். அதை அவள் எப்படி அடித்தாள்?



மேற்படி. அப்படித்தான் அடித்தாள். சின்ன வயதில் டைப் பழகிய அலுவலகத்தில் ஊறிப்போன பழக்கம். ஒரே லாட் எண் அடுத்தடுத்து வந்தால், முதல் வரியில் எண், அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. பார்க்கவும் லட்சணமாக இருக்கும், விரலுக்கும் மிச்சம். நாத்தனார் என்ன படித்துப் படித்துச் சொன்னாலும் இந்த ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. நாத்தனார் சொன்னாள் என்பதற்காகவே விடவில்லை என்றும் சொல்லலாம். கிரெப் என்கிற அந்த அப்பாவி வாயிற்காவலன் 4471 இருக்கிற வரியை மட்டும்தான் உள்ளே விட்டான். மேற்படிகள் எல்லாம் வெளியே நின்றுவிட்டன. ஒவ்வொரு மேற்படியும் இந்த நிமிடம் எங்கோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் பெரியக்கா அசையவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பிறகு அவள் யாரிடமும் பேசியதில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி யாரிடமோ, "எங்க பெரியக்கா மட்டும் இல்லேன்னா" என்று ஃபோனில் அளந்துகொண்டிருந்தார். எழுந்து போய், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதுவும் முதலில் யாரிடம்? நாத்தனாரிடம்.

டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். "நிறுத்துங்க" என்றாள் சத்தமாக. "பட்டியல் முழுசு இல்ல. நான் கெடுத்து வச்சிருக்கேன்."

நாத்தனார் முதல் மணியிலேயே எடுத்தாள். பெரியக்கா மேற்படி கதையைச் சொன்னாள்.

"நீ அப்பவே சொன்னே. நான்தான் கொழுப்பெடுத்துப் போய் அப்படி அடிச்சேன். திட்டணும்னா அப்புறம் திட்டு, வாங்கிக்கறேன். இப்ப என்ன பண்றது?" அவள் குரல் உடைந்தது. "காலையில அந்த சார்ட் வேற போட்டோமே. எல்லாத்தையும் கலைச்சு அடுக்கிடுச்சே. எந்த மேற்படிக்கு மேல எந்த எண் இருந்துச்சுன்னு இனிமே எப்படிடி தெரியும்?"

அவளுடைய பெரிய பயம் இதுதான். வரிசை போய்விட்டால் மேற்படி என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. மேலே இருந்தவன் இடம் மாறிவிட்டால் இவன் யாரைக் காட்டுவான்?

"அண்ணி, இங்க கேளுங்க. அழாம கேளுங்க. ஒண்ணும் கலையல."

"நான் கண்ணால பார்த்தேனே!"

"நீங்க பார்த்தது பைப் வழியா வந்த நகல். கேட் ஃபைலைப் படிக்கத்தான் செய்யும், கை வைக்காது. அதுக்கப்புறம் வந்தவங்க அந்த நகலைத்தான் வெட்டினாங்க, அடுக்கினாங்க. மூலம் நீங்க அடிச்ச வரிசையிலேயே இருக்கு. ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. வேணும்னா திறந்து பாருங்க."

பெரியக்கா அந்த மாதத்து ஃபைலைத் திறந்தாள். இருந்தது. குடியிருப்பு, முதல் லிஃப்ட், 4471. அதற்குக் கீழே குடியிருப்பு, இரண்டாவது லிஃப்ட், மேற்படி. அவள் அடித்தது அடித்தபடி, வரி மாறாமல். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது உள்ளங்காலிலிருந்து வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நாள் வரிசையைக் கலைக்காம அடிச்சிருக்கீங்க பாருங்க, அதுவே நம்ம அதிர்ஷ்டம்" என்றாள் நாத்தனார். "கிரெப்புக்கு முன்னாடி இன்னொரு ஆளை நிறுத்துவோம். அவனுக்கு மேல இருந்த வரியை ஞாபகம் வச்சுக்கத் தெரியும். மேற்படின்னு பார்த்தா, மேல இருந்த எண்ணை எடுத்து அங்க எழுதி அனுப்புவான். மத்தவங்க யாரையும் மாத்த வேண்டாம். அவங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பண்ணட்டும்."

அந்தப் புது ஆளின் பெயர் ஆக், a-w-k. மற்றவர்களைப் போல நாலு எழுத்தில் அடங்குகிறவன் இல்லை. டாலர் குறியும் அடைப்புக்குறியும் மேற்கோளுமாக ஒரு முழு வரிக்கு வளர்ந்தான். நாத்தனார் சொல்ல, பெரியக்கா அடித்து, திருப்பி அவளுக்கே படித்துக் காட்டினாள். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை எண்டரைத் தட்டினாள்.

31.

"எட்டு" என்றார் முதலாளி, மெதுவாக.

"எட்டு" என்றாள் நாத்தனாரும். "கிளம்புங்க அண்ணி. திட்டறது பாக்கி இருக்கட்டும்."

"ஏய்" என்றாள் பெரியக்கா. அவளுக்கு நேரமில்லை, ஆனாலும் சொன்னாள். "உன்னை நான் ரொம்ப நாளா சரியா நடத்தலை. நீ போட்டுக் கொடுத்ததை வச்சு ஆறு வருஷம் சாப்பிட்டேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்னிக்கு நீ என்னை மட்டும் காப்பாத்தலை, ஊரையே காப்பாத்தியிருக்கே. நீ நல்லா இருக்கணும்."

"அண்ணி, நீங்க இப்படியெல்லாம் பேசினா எனக்குப் பயமா இருக்கு. ஃபோனை வைங்க முதல்ல" என்றாள் நாத்தனார். அவள் மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

ஏழு கட்டடங்களில் ஃபோனை எடுத்தார்கள். நிறுத்திவிட்டார்கள். மணி இரண்டு ஆகியும் எட்டாவது எடுக்கவில்லை. ஆறு மாடிக் கட்டடம், கீழே கடைகள், மேலே பல் மருத்துவர், தையல்காரர், ஏதேதோ வகுப்புகள். காவலாளியின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக்குகள் எல்லோரும் ஊரின் மறு கோடியில் இருந்தார்கள். இந்தக் கட்டடமோ இரண்டு தெரு தள்ளித்தான். பெரியக்கா பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

"உள்ள மட்டும் கால் வைக்காதீங்க" என்று கிரீஸ் ஃபோனில் கத்தினார். "கீழ வந்ததும் கதவுக்கு நடுவுல எதையாவது வைங்க. கதவு மூடலேன்னா மோட்டார் ஓடாது. நான் பறந்து வர்றேன்."

காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றிருந்தது. யாரோ ஏறியிருக்க வேண்டும், எண் மாறத் தொடங்கியது. நாலு. மூன்று. இரண்டு. பெரியக்காவுக்குச் சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கதவு திறந்தது. வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பெரியவர் வெளியே வந்தார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நடுவில் சொருகிவிட்டு, அதற்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. தையல்காரருக்குத் துணிமூட்டை கொண்டுவந்தவன், இது என்ன உங்கள் அப்பன் வீட்டு லிஃப்ட்டா என்று கேட்டான். மூட்டு வலிக்காரம்மா ஒருத்தி, உனக்கும் இதே முட்டி வலி வரும் பார் என்று சாபம் கொடுத்தாள். போர்டு எங்கே, சீருடை எங்கே, நீ யார் என்று ஒருவர் சட்டம் பேசினார். பெரியக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. படியேறிக்கிட்டே திட்டுங்க."

திட்டு வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு குரலும் படியில் ஏறி மேலே மேலே போவதை நன்றியோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்கு ஒரு குழந்தைக் கூட்டம் வந்தது. ஐந்தாவது மாடியில் ஓவிய வகுப்பாம். முதுகில் பை, கையில் வண்ணப் பெட்டி, வாய் நிறையக் கூச்சல். டீச்சர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"லிஃப்ட் இல்லடா கண்ணுங்களா. நடந்து போங்க."

"அஞ்சு மாடியா!" என்று ஒரே ஒப்பாரி. முன்பல் இல்லாத ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாங்க எல்லாரும் ஒரே தடவையில போவோம், தெரியுமா? நெருக்கி நின்னா இடம் இருக்கும்" என்றாள்.

பெரியக்கா அவள் தலையைத் தடவிப் படியைக் காட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. வாய் தானாகத் தலைகளை எண்ணிக்கொண்டு போனது.

மூன்றேகாலுக்குக் கிரீஸ் வந்தார். மெயினை அணைத்துவிட்டு மேலே மோட்டார் அறைக்குப் படியேறிப் போனார். இறங்கி வந்தபோது கையில் ஒரு துணி. அதைப் பிரித்துக் காட்டினார். ஸ்பிரிங் இரண்டு துண்டாக இருந்தது.

"கழட்டறதுக்குத் தொட்டேன் பெரியக்கா, கையோட வந்துடுச்சு." உடைந்த இடத்தைக் கறுத்த நகத்தால் காட்டினார். விளிம்பில் முக்கால்வாசி பழைய துரு. ஓரத்தில் ஒரு நூல் அளவுதான் புதிதாகப் பளபளத்தது. "இவ்வளவுலதான் நின்னுருக்கு. நாலு பேர் போனா தாங்கும். நெருக்கி ஏறியிருந்தாங்கன்னா..." துணியை மறுபடி சுற்றினார்.

 பெரியக்கா படியில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஃபோன் அடித்தது. நாத்தனார்தான்.

"அண்ணி, என்னாச்சு? ஒரு தகவலும் இல்ல. எட்டும் நின்னுடுச்சா?"

"பதினாலு" என்றாள் பெரியக்கா.

"பதினாலா? எட்டுதானே வந்துச்சு! மறுபடி ஓட்டிப் பார்த்தீங்களா? எந்த வரியில தப்பு? படிங்க, நான் எழுதிக்கறேன்."

"லிஃப்ட் எட்டுதான்டி. எல்லாம் நின்னாச்சு. நான் எண்ணினது லிஃப்ட்டை இல்ல."

 ஃபோனை மாடிப்படிகளின் நடுவே தெரிந்த இடைவெளியை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். ஐந்தாவது மாடியில் ஒருத்தியின் சிவப்பு வண்ணத்தை இன்னொருத்தன் எடுத்துவிட்டதாகப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நாத்தனார் அந்தப் பக்கம் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.